மேசைக்கு ஒரு விதிப்புலி

கேள்விப்பட்டீர்களா? ஓர் ஆள் ஒரே ஓர் அட்டையைக்கூடக் கீழே வைக்காமல் ஆட்டத்தில் ஜெயித்துவிட்டானாம். முடிதிருத்துகிறவர் சொன்னார், அவருக்கு லிஃப்ட் மெக்கானிக் சொன்னாராம், லிஃப்ட் மெக்கானிக்குக்கு யார் சொன்னார்கள் என்பது அந்த லிஃப்டுக்கே வெளிச்சம். எதிராளி கட்டைக் கலைத்தவர், வெட்டித் தரும்படி நீட்ட மறந்துவிட்டாராம். உடனே இவன் கையைத் தூக்கி, புத்தகத்தைப் புரட்டி, பத்தி எண்ணைச் சொல்லி, ஏழு அட்டையையும் விசிறி மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டிருந்த அந்த மனிதரை அப்படியே தோற்கடித்துவிட்டானாம். வதந்திதான். விசாரித்துப் பார்த்தால் பாதிதான் உண்மை: அப்படி நடந்தது ஒரு முறை அல்ல, மூன்று முறை.

இந்த இனத்துக்கு விதிப்புலி என்று பெயர். காட்டில் இருக்காது. பிளாஸ்டிக் நாற்காலி, நல்ல டியூப்லைட் வெளிச்சம், தப்பு செய்ய ஓர் ஆள் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் தானாக முளைக்கும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைப் பார்க்கலாம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, உங்கள் விண்ணப்பத்தில் கையெழுத்து கோட்டைத் தொட்டுவிட்டது என்று திருப்பித் தருகிறாரே, அவரிடம் பார்க்கலாம். ஆனால் நன்றாகத் தின்று கொழுத்த, முழு வளர்ச்சி பெற்ற மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமை பிற்பகல் அட்டைக் கடைக்குத்தான் போக வேண்டும்.

அட்டை ஆட்டம் என்றதும் சீட்டுக்கட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வேறு சங்கதி. ஒட்டிய பாக்கெட்டுகளில் அட்டை விற்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். வேண்டாததை மாற்றி, வேண்டியதைச் சேர்த்து, அவரவர் தமக்கென்று ஒரு கட்டு அமைத்துக்கொண்டு வந்து மோதுவார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு படம், படத்துக்குக் கீழே நாலு வரி. வினை அந்த நாலு வரியில்தான். ஒவ்வோர் அட்டையும் புது மாப்பிள்ளை மாதிரி தனக்கென்று ஒரு சட்டத்தைச் சுமந்துகொண்டு வரும். இரண்டு மாப்பிள்ளைகள் ஒரே வீட்டில் தங்கினால் யார் பேச்சு எடுபடும்? அதைத் தீர்க்கத்தான் விதிப் புத்தகம். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

சாரத்தை ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரத்தில் சொல்லிவிடலாம். நீங்கள் ஓர் அட்டையை வைத்தால் அது உடனே நடந்துவிடாது. "பதில் உண்டா?" என்று எதிராளியைக் கேட்க வேண்டும். இல்லையென்றால் அவர் விரல் முட்டியால் மேசையை ஒரு தட்டு தட்டுவார். உண்டென்றால் உங்கள் அட்டைக்கு மேலே தன் அட்டையை வைப்பார். அதற்கு மேலே நீங்கள் வைக்கலாம், அதற்கும் மேலே அவர் வைக்கலாம், இப்படிக் கழுவிய தட்டு மாதிரி ஓர் அடுக்கு ஏறும். பிறகு மேலிருந்து எடுத்துக்கொண்டே வர வேண்டும்: கடைசியில் வைத்தது முதலில் நடக்கும், முதலில் வைத்தது கடைசியில். நடுவில் ஏதாவது செத்துப்போனால் செத்ததுதான். இதைத் தெரிந்துகொண்டு சிரித்துப் பேசி ஆடிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். விதிப்புலிக்கு ஆட்டம் வேண்டாம். அடுக்கு போதும்.

நம் கடையின் விதிப்புலிக்கு ஷரத்து என்று பெயர். பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்தார்கள். அதை இப்போது அடையாள அட்டையில் மட்டும் பார்க்கலாம். கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். வயது நாற்பத்தாறு. அலுவலகம் அலுவலகமாகப் போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்புச் சிலிண்டர்களைச் சோதித்து, 'சரி' என்று சீட்டுக் கட்டுவது பிழைப்பு. ஒரு முறை, எல்லாம் சரியாக இருந்த சிலிண்டரை, பழைய சீட்டு இடப் பக்கம் தொங்குகிறது என்று தள்ளுபடி செய்தார். தீ பிடித்தால் அது வலப் பக்கமா இடப் பக்கமா என்று பார்த்துக்கொண்டா எரியும் என்று அந்த அலுவலக வாட்ச்மேன் கேட்டாராம். ஷரத்து அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டார்.

அவர் கடைக்குள் வருவதே ஒரு சடங்கு. முதலில் பையிலிருந்து சொந்தத் துணி எடுத்து மேசையைத் துடைப்பார். மேசை ஏற்கெனவே சுத்தமாக இருந்தால் இன்னும் அழுத்தித் துடைப்பார். பிறகு புத்தகம். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று காகிதக் காதுகள் ஒட்டி, புத்தகம் கிளி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அதற்குப் பக்கத்தில் சீவிய பென்சில். அதற்குப் பிறகுதான் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைக் கவனிப்பார், அதுவும் முகத்தை அல்ல. விரல்களை. ஏன் விரல்களை? மேசையில் எது பட்டாலும் அது தட்டியதுதான். பதில் சொல்லும் உரிமை போயிற்று.

பெயிண்டுக் கடைக்காரர் ஒருவர் ஒரு நாள் தும்மினார். தும்மிய வேகத்தில் முட்டி மேசையில் இடித்துவிட்டது.

"தட்டிட்டீங்க," என்றார் ஷரத்து.

"ஐயோ, தும்மினேன்யா!"

"தும்மினதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. தட்டினதைப் பத்தித்தான் சொல்றேன்."

"வேணும்னா தட்டினேன்?"

"வேணும்னு தட்டணும்னு புத்தகத்துல இல்லையே. நானா சொல்றேன்? புத்தகம் சொல்லுது." சொல்லிவிட்டு, நியாயமில்லாத மனிதர் என்று யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, தும்மலுக்கு ஏதாவது விலக்கு உண்டா என்று பின்பக்க அட்டவணையில் 'த' வரிசை முழுவதையும் விரல் வைத்துத் தேடினார். இல்லை. எதிர்பார்த்ததுதான். ஆனால் தேடியபோது அவர் முகத்தில் இருந்த அமைதி இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பசித்த பிள்ளைக்குப் பால் புகட்டுகிற தாய்க்குக்கூட அப்படி வராது.

வீட்டில் மட்டும் வேறு ஆளா என்ன? மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவர். நாள் முழுக்க நாலு பேரிடம் "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டு அலுத்துத் திரும்புகிறவர். "குப்பையக் கீழ கொண்டுபோய்ப் போடுங்க," என்பார். "நீ சொல்றதுக்கு முன்னாடியே நான் குளிக்கப் போறேன்னு சொல்லியாச்சு," என்பார் ஷரத்து. "உங்க ஆட்டத்துல கடைசியாச் சொன்னதுதானே மொதல்ல நடக்கும்? நான்தான் கடைசி." ஷரத்து ஒரு நிமிடம் நின்று யோசிப்பார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவார். தோற்ற வருத்தம் இருக்காது. சட்டம் ஜெயித்த பூரிப்பு இருக்கும். இப்பேர்ப்பட்ட மனிதரோடு குடும்பம் நடத்துவதற்கு அந்த அம்மாவுக்கு யாராவது ஒரு சீட்டுக் கட்டியிருக்க வேண்டும்.

இப்படியே போனால் எதிரே உட்கார யார் மிஞ்சுவார்கள்? பெயிண்டுக் கடைக்காரர் சனிக்கிழமைகளில் நீச்சல் கற்றுக்கொள்ளப் போய்விட்டார், ஐம்பத்தெட்டு வயதில். தபால்காரருக்குத் திடீரென்று முதுகுவலி வந்தது, ஷரத்து இருக்கிற மேசைக்கு மட்டும். கடைசியில் ஒரே ஓர் ஆள்தான் பாக்கி: மனைவியின் தம்பி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். 'மூச்சை இழுங்க, அசையாதீங்க, விடுங்க' என்று நாள் முழுக்க எதிரே நிற்பவரின் சிரமம் பார்த்துப் பேசிப் பழகியவன் என்பதால் அவனுக்குப் பொறுமை அதிகம். அத்தானையும் அப்படித்தான் பொறுத்துக்கொண்டிருந்தான்: அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அந்த மைத்துனனுக்கு ஓர் ஆசை இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை இரட்டையர் போட்டி நடக்கும். இரண்டிரண்டு பேராக ஒரே பக்கம் உட்கார்ந்து ஆட வேண்டும். கடையில் ஜெயிக்கிற ஜோடி மண்டலப் போட்டிக்குப் போகலாம். மூன்று நாள், பெரிய அரங்கம், முந்நூறு மேசை. இந்த வருஷம் விட்டால் அவனுக்கு வாய்ப்பு இல்லை. கடைப் போட்டி முடிந்த திங்கட்கிழமையிலிருந்து ஒரு வருஷத்துக்கு ராத்திரி ஷிப்டு. சனி ஞாயிறும் சேர்த்து. மண்டலப் போட்டி நடக்கிற அந்த மூன்று நாளுக்கு மட்டும், எத்தனையோ பேர் காலைப் பிடித்து முன்கூட்டியே லீவு எழுதி வாங்கி வைத்திருந்தான். நாலு மாதமாக ஒரு கட்டைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்தான். ஜோடி? வேறு யார், அத்தான்தான். கடையில் இருந்த எல்லோரும் சொன்னார்கள். "டேய், ஓட்டைப் படகுல ஏறாத." அவன் கேட்கவில்லை. "எதிர்ப்பக்கம் உக்காந்தாத்தான் அத்தான் தொல்லை. நம்ம பக்கம் உக்காந்தா அது நமக்குப் பலம்தானே?" என்றான்.

நல்ல தர்க்கம். விதிப்புலிக்குப் பக்கம் என்று ஒன்று உண்டு என்று நம்பியதுதான் பிசகு.

இறுதி ஆட்டத்தில் எதிரே இரண்டு சகோதரிகள். அக்கா டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறவர். தங்கை சாவி வெட்டிக் கொடுக்கிற கடை வைத்திருப்பவர். இருவருக்கும் சேர்த்து மூன்று உயிர்தான் பாக்கி, அதுவும் போனால் தோல்வி. ஆனால் முன்னால் ஒரு மதில் அட்டை. அதைத் தாண்டி யாரும் அடிக்க முடியாது. அப்போதுதான் மைத்துனன், நாலு மாதமாக எந்த அட்டைக்காகக் கட்டைச் சேர்த்தானோ, அந்தப் பாலம் அட்டையை எடுத்து மேசை நடுவில் வைத்தான். பாலம் விழுந்தால் மதில் இருந்தும் இல்லாததுதான். மைத்துனன் பக்கத்து வீரர் அட்டைகள் இரண்டும் நடந்து போய் அடித்துவிட்டு வரலாம்.

"அவ்ளோதான், முடிஞ்சுது போ," என்று அக்கா சிரித்தார். "நல்லா ஆடினீங்க தம்பி." தங்கை அட்டைகளை வாரி அடுக்க ஆரம்பித்துவிட்டார். மைத்துனன் எழுந்து கை நீட்டப் போனான்.

"ஒரு நிமிஷம்."

யார்? வேறு யார்!

ஷரத்துவின் வலது கை உயர்ந்திருந்தது. இடது உள்ளங்கை பாலத்தின் மேல் பதிந்திருந்தது. மனத்துக்குள் அவர் ஒன்றும் நினைக்கவில்லை. அதுதான் உண்மை. பசி முற்றியவனுக்குச் சோறு தெரிவதுபோல அவருக்குத் தப்பு மட்டும் தெரிந்தது. கண்ணெதிரே, பளிச்சென்று, பூ மாதிரி மலர்ந்து ஒரு தப்பு. அது யாருடைய தப்பு என்று பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"பதில் உண்டான்னு கேக்கலையே," என்றார். "கேக்காம வச்சா வச்சது செல்லாது. பத்தி ஒம்பது."

மைத்துனன் நீட்டிய கையோடு நின்றான். "அத்தான்... நான் உங்க ஜோடி."

"ஜோடி வேற, விதி வேற."

"சார், நாங்கதான் தோத்துட்டோம்னு சொல்றோமே," என்றார் தங்கை.

"நீங்க தோத்தீங்களா இல்லையான்னு நீங்க முடிவு பண்ண முடியாதும்மா. நடுவரைக் கூப்பிடலாமா?"

நடுவர் கடைக்காரம்மாதான். கல்லாவில் நாலு பேர் நின்றுகொண்டிருக்க, பாக்கெட் ஒட்டுகிற டேப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். "என்ன சார், இப்ப யாரு தும்மினாங்க?"

ஷரத்து விளக்கினார். ஆறு நிமிடம். கடைக்காரம்மா கேட்டுவிட்டு, "சார், நீங்க உங்க பக்கத்துக்கே எதிராப் பேசறீங்க, தெரியுதா?" என்றார்.

"எனக்கு வேண்டியவன் வேண்டாதவன் எல்லாம் கிடையாதும்மா."

"அத்தான், அட்டையப் படிங்க," என்றான் மைத்துனன். மெதுவாகத்தான் சொன்னான்.

"அந்த அட்டை எனக்கு மனப்பாடம்."

"ஒரு தடவை படிங்க."

கடைக்காரம்மா அட்டையை எடுக்கக் கை நீட்டினார். ஷரத்து உள்ளங்கையை எடுக்கவில்லை. "தீர்ப்பு வர்ற வரைக்கும் மேசையில இருக்கற எதையும் தொடக் கூடாதும்மா. பத்தி பதினேழு." நடுவருக்கே தடை! கல்லாவில் யாரோ "அக்கா, பில்லு!" என்று கத்தினார்கள். கடைக்காரம்மா ஒரு பெருமூச்சு விட்டார். "அவர் பக்கமே தப்புன்னு அவரே சொல்லும்போது நான் என்னத்தச் சொல்ல? திருப்பி வைங்க. கேட்டுட்டு ஆடுங்க."

திருப்பி வைத்தார்கள். கேட்டார்கள். தங்கை அட்டைகளை மறுபடி கையில் விரித்தவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு, "எங்கிட்ட ஒரு வெள்ளம் இருக்கு," என்றார்.

கடைசியில் வைத்தது முதலில் நடக்கும் அல்லவா? வெள்ளம் முதலில் வந்தது. பாலம் போயிற்று. அடுத்த சுற்றில் சகோதரிகள் ஜெயித்தார்கள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானையாவது தன் தலையில்தான் போட்டுக்கொள்கிறது. பக்கத்தில் நிற்கிற மைத்துனன் தலையிலுமா போடும்?

மைத்துனன் கத்தவில்லை. ஜாக்கெட்டைப் போட்டு, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தான். "நான் வரேன் அத்தான்," என்றான்.

"கட்ட விட்டுட்டுப் போறியே. ஆட்டம் முடிஞ்சதும் அட்டைய எண்ணிச் சரிபார்க்கணும்."

"நீங்களே எண்ணிக்கோங்க."

கதவு மூடிக்கொண்டது. "ஆனா நான் சொன்னது சரிதானே?" என்று ஷரத்து அக்காவைக் கேட்டார். அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்தார். பரிசுச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, செத்த வீட்டிலிருந்து போகிறவர்கள் மாதிரி இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஷரத்து சமையலறை மேசையில் மைத்துனன் கட்டை விரித்து எண்ணினார். எண்ணிக்கை சரி. பாலம் அட்டையைத் தூக்கிப் பார்த்தார். மனப்பாடமான அட்டை, படிக்க என்ன இருக்கிறது? இருந்தாலும் படித்தார். நாலாவது வரி, பொடி எழுத்து: 'இந்த அட்டைக்கு யாரும் பதில் வைக்க முடியாது.'

பதிலே வைக்க முடியாத அட்டைக்கு, பதில் உண்டா என்று எதற்குக் கேட்க வேண்டும்? விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் முதல் விதியே அதுதான்: புத்தகம் ஒன்று சொல்லி அட்டை வேறு சொன்னால், அட்டை சொல்வதே சரி. அந்தப் பக்கத்துக்கு மட்டும் அவர் காகிதக் காது ஒட்டியிருக்கவில்லை. முதல் பக்கத்தை யாராவது தேடுவார்களா?

மைத்துனன் ஜெயித்திருந்தான். மேசையில், எல்லோர் கண்ணெதிரிலும், விதிப்படி ஜெயித்திருந்தான். அந்த வெற்றி மேல் ஓர் உள்ளங்கை இருந்தது. அது யாருடையது என்று ஷரத்து இப்போது பார்த்தார். முதல் முறையாகத் தப்பு அவருக்குப் பூ மாதிரி தெரியவில்லை.

மனைவி வேலைக்குப் போட்டுப்போகும் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "என்ன, பேயறைஞ்ச மாதிரி?"

சொன்னார். சொல்லாமல் இருக்கலாம், ஆனால் கண்டுபிடித்த பத்தியைச் சொல்லாமல் இருக்க அந்த நாக்குக்குத் தெரியாது.

"நேத்து சாயங்காலமே அவன் எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டான்," என்றார் மனைவி. "கோபம்கூடப் படல. 'இனிமே சனிக்கிழமை என்னைக் கூப்பிட வேண்டாம்னு அத்தான்கிட்ட சொல்லிடுக்கா'ன்னான். அவனுக்குப் போன் போட்டு, தப்பு என்மேலதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னைக்குள்ள சொல்லுங்க. நாளையிலேர்ந்து அவன் பகல்ல தூங்குவான்."

"சொல்றேன். சொல்ல மாட்டேன்னா சொன்னேன்? ஆனா அவனும் அந்த நேரத்துல முறைப்படி ஆட்சேபம் பண்ணல பாரு."

"அட்டையப் படிங்கன்னு ரெண்டு தடவை சொன்னானாமே!"

"அது வேண்டுகோள். ஆட்சேபம் இல்ல."

இஸ்திரிப் பெட்டி நின்றது. "உங்களைக் கட்டிக்கிட்டப்போ நானும் ஆட்சேபம் பண்ணல. அதுவும் என் தப்புதான் போலிருக்கு." கோட்டை உதறி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஷரத்து போனை எடுத்தார். இந்த ஒரு விஷயத்தில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்: போட்டார். ரிங் போனது. என்ன சொல்வது என்று மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டார். முதலில் நலம் விசாரிப்பு. பிறகு பத்தி ஒன்பதைச் சரியாகத்தான் சொன்னேன் என்பதை நிலைநாட்டுவது. அதன் பிறகு, அந்தப் பத்தி இந்த அட்டைக்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்வது. அதற்கும் பிறகு, நேரம் இருந்தால், மன்னிப்பு. வரிசையை மாற்றினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் முன்னுரை இல்லாமல் மன்னிப்புக் கேட்டால் எதற்கு என்று அவனுக்கு எப்படிப் புரியும்?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். சகோதரிகள் 'முடிஞ்சுது' என்று அட்டையை வாரினார்களே, அந்த இடத்தில் உங்களுக்குள்ளே ஒரு விரல் எழுந்ததா இல்லையா? 'அட்டையை வாரிவிட்டால் ஆட்டம் அப்போதே முடிந்த கணக்குத்தானே, அப்புறம் எப்படித் திருப்பி வைத்தார்கள்?' என்று மனசு ஓடியதா? கடைக்காரம்மா நடுவராக இருந்துகொண்டு கல்லாவையும் பார்ப்பது முறையா என்று தோன்றியதா? ஒரு மனிதன் நாலு மாதம் சேர்த்த ஆசை மண்ணாய்ப் போன இடத்தில், உங்கள் கண் அந்த ஓட்டையில்தான் போய் நின்றதென்றால், சங்கடப்பட வேண்டாம். அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போங்கள். ஷரத்துவுக்கு எதிரே நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. துடைக்க ஒரு துணி மட்டும் கொண்டுபோங்கள்.

சமையலறையில் போன் இன்னும் காதில்தான் இருக்கிறது. எட்டு. ஒன்பது. எத்தனை ரிங் வரை காத்திருக்கலாம், எத்தனைக்கு மேல் போனால் அது தொந்தரவு, வைத்துவிட்டு உடனே மறுபடி போட்டால் அது புதிய அழைப்பா, பழையதன் தொடர்ச்சியா? இதையெல்லாம் யாராவது எங்காவது எழுதி வைத்திருக்க மாட்டார்களா? இன்னொரு கை தானாகப் போய்ப் புத்தகத்தைத் திறக்கிறது. பின்பக்க அட்டவணை. 'ம' வரிசையில் மதில் இருக்கிறது, மறுஆட்டம் இருக்கிறது. அதற்கு அடுத்து இருக்க வேண்டிய சொல் இல்லை. விரலை மேலே கொண்டுபோய் மறுபடி முதலிலிருந்து தேடுகிறார். பதினொன்று. ரிங் போய்க்கொண்டிருக்கிறது.